அடுப்படிப் பக்கமே வராத பேரப்பிள்ளையைச் சமைக்கப் பழக்குவது எப்படி? தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த பேரன் வெளியூர்க் கல்லூரிக்குப் போகப் போகிறான். டீ போடக்கூடத் தெரியாது. வா, சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டால், "அதான் ஸ்விக்கி இருக்குல்ல அம்மாச்சி" என்கிறான். இந்த நிலைமையில் இருக்கிற பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் வயிற்றுப் பேரனோடு ஒரு கோடை விடுமுறை முழுக்க மல்லுக்கட்டியதில் எது பலிக்கும், எது பலிக்காது என்று ஓரளவு பிடிபட்டது. சமையல் குறிப்பு இதில் அதிகம் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயசுப் பிள்ளைகளுக்குச் சமையல் மேல் வெறுப்பு கிடையாது. எடுபிடியாக நிற்கத்தான் பிடிக்காது. வெங்காயம் உரி, தேங்காய் துருவு, அந்த டப்பாவை எடு, தள்ளி நில்லு என்று வேலை ஏவினால் எந்தப் பிள்ளையும் நழுவத்தான் பார்க்கும். வேலை முழுவதும் தன் பொறுப்பு என்றால் வரும். அதனால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி, நாம் எப்படி அடுப்படியை விட்டு வெளியே வருவது என்பதுதான்.

1. முதலில் மகளிடமோ மருமகளிடமோ பேசி முடியுங்கள்

பிள்ளையைப் பெற்றவர்கள் ஒத்துவராவிட்டால் ஒன்றும் நடக்காது. "பாவம்மா, இப்பத்தான் பரீட்சை முடிஞ்சுது, விடேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று விஷயத்தில் வாக்கு வாங்கிவிடுங்கள். அவன் சமைக்கிற வேளைக்கு மாற்றுச் சாப்பாடு இருக்காது. சுமாராக இருந்தாலும் எல்லோரும் அதைத்தான் சாப்பிட வேண்டும். உப்பு, காரம் பற்றி அவனாகக் கேட்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம். தாத்தாமார்களுக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

"ஆம்பளப் புள்ளைய அடுப்படியில விடுறீங்களா" என்று உறவில் யாராவது கேட்பார்கள். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வான் என்று திருப்பிக் கேளுங்கள், அடங்கிவிடும்.

பேத்தி என்றால் வேறொரு கண்ணி இருக்கிறது. "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று ஒரே ஒருதரம் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, அப்புறம் அவளைக் கெஞ்சினாலும் வர மாட்டாள். அண்ணன் சோபாவில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, தங்கையை மட்டும் கூப்பிட்டால் அவள் ஏன் வர வேண்டும்? இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நாள்.

2. காலம் பார்த்துத் தொடங்குங்கள்

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிந்த கையோடு ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் தூங்கட்டும். நீட் எழுதுகிற பிள்ளையாக இருந்தால் அந்தத் தேர்வும் முடியும்வரை இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

நல்ல காலம் என்பது தேர்வு முடிந்து மதிப்பெண் வருவதற்கு இடையில் உள்ள வாரங்கள். மதிப்பெண் வந்துவிட்டால் வீட்டில் ஒருவரும் தரையில் நிற்பதில்லை. கலந்தாய்வுப் பதிவு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கு அலைவதிலேயே பொழுது போய்விடும். அந்தக் கலவரத்தில் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்க முடியாது.

இன்னும் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு வாரம் ஒரு நாள், ஞாயிறு இரவு போதும்.

நேரம் எப்போதுமே இரவுச் சாப்பாடுதான். காலையில் எல்லோருக்கும் அவசரம். நடுப்பகலில், எங்கள் திருச்சி வெயிலுக்கு, மே மாதம் அடுப்படியில் நிற்பது நமக்கே தண்டனை. மாலை 6 மணிக்கு மேல் ஆரம்பித்தால் எட்டு, எட்டரைக்குத் தட்டு வைக்கலாம். முதல் சில வாரம் நீங்கள் அரை மணியில் செய்வதற்கு அவனுக்கு ஒன்றரை மணி ஆகும். பசி தாங்காத ஆள் வீட்டில் இருந்தால் 6 மணிக்கே ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள்.

ஐந்தாறு பதார்த்தம் கைக்கு வர இரண்டு மாதம் பிடிக்கும். அதற்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள்.

3. ஒரு வேளையை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்

"கத்துக்கோ" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு உன் பொறுப்பு. என்ன செய்யணும், என்ன வாங்கணும் எல்லாம் நீயே முடிவு பண்ணு. கூப்பிட்டாத்தான் வருவேன்." கூடவே கையில் 300 ரூபாய் கொடுத்தேன். ஐந்து பேர் சாப்பிட வேண்டும், மிச்சம் அவனுக்கு.

அந்தப் பணம்தான் வேலை செய்தது. ஐந்து பேருக்கும் கடையில் பரோட்டா வாங்கினால் கட்டாது என்று அவனே கணக்குப் போட்டுவிட்டான். முட்டை என்ன விலை, சோயா சாஸ் சின்ன பாட்டில் என்ன விலை என்று கடை கடையாகக் கேட்டான்.

முதல் பதார்த்தத்தை அவனே சொல்லட்டும். என் பேரன் கேட்டது எக் ஃப்ரைட் ரைஸ். நான் என் ஆயுளில் செய்தது கிடையாது. அதுவே நல்லதாகப் போயிற்று, அவன் வீடியோ பார்த்துச் செய்ய, நான் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன். வீடியோவைப் பழிக்காதீர்கள். ஆனால் வீடியோவில் சொல்லாத இரண்டை மட்டும் முன்கூட்டியே காதில் போட்டு வையுங்கள். சூடான சோற்றைப் போட்டால் குழைந்துபோகும், மதியம் வடித்து ஃபிரிட்ஜில் வைத்த சோறுதான் உதிரியாக வரும். சோயா சாஸில் ஏற்கெனவே உப்பு நிறைய இருக்கிறது, வழக்கமான உப்பில் பாதி போதும்.

கூடாதவை: சமைத்தால் பைக் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டுவது, சமைக்காவிட்டால் போனைப் பிடுங்குவது. இரண்டுமே ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. சமைத்த தட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் அவனைக் கேட்காமல் செய்யாதீர்கள். பெரியம்மா, சித்தி எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த வாரம் அவன் கூச்சத்தில் வர மாட்டான்.

4. அடுப்பைப் பற்ற வைக்கும் முன்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள் ஒரு அரை மணி நேரம், அடுப்பே பற்ற வைக்காமல் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கேஸ்: ரெகுலேட்டரை எப்படி மூடுவது, திறப்பது என்று அவன் கையால் செய்து பார்க்கட்டும். கேஸ் வாடை வந்தால் விளக்கு, ஃபேன் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழைக்க வேண்டும். அது கேஸ் கசிவுக்கான அவசர எண். அவன் போனில் பதிந்து வையுங்கள், உங்கள் போனிலும். அப்படியே அந்த ரப்பர் குழாயையும் திருப்பிப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும். நாம் பல பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

எண்ணெய்: சட்டியில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கழுவிய சட்டியை அடுப்பில் வைத்து, ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். கடுகு வெடிக்கும்போது முகத்தைச் சட்டி மேல் கொண்டுபோகக் கூடாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூட வேண்டும்.

குக்கர்: கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றையும் கழற்றிக் காட்டுங்கள். ஆவி தானாக அடங்கும் முன் மூடியைத் திறக்க முயலக் கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடமாகியும் விசில் வரவில்லை என்றால் அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும்.

மிக்ஸி: சூடான தக்காளியை ஜாரில் போட்டு ஓட்டினால் ஆவியில் மூடி எகிறி, கொதிக்கிற சாறு மேலே அடிக்கும். ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும்.

உடை: இந்தக் காலத்துப் பையன்கள் வீட்டில் போடுகிற கால்பந்து ஜெர்சியெல்லாம் பாலியஸ்டர். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி பனியன் போதும். காதில் இயர்போன் கூடாது, விசில் கேட்காது.

சுட்டுக்கொண்டால்: குழாயைத் திறந்து ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரம், கைக்கயிறு இருந்தால் கழற்றிவிட வேண்டும். பற்பசை, பேனா மை, தோசைமாவு, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். இதில் திருந்த வேண்டியது பிள்ளைகளல்ல, நாம்தான். கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ நேராக மருத்துவமனைக்கு.

5. "கொஞ்சம்" என்ற அளவை ஒழித்துவிடுங்கள்

எவ்வளவு உப்பு என்று கேட்டால் கொஞ்சம் என்போம். எவ்வளவு நேரம் என்றால் பச்சை வாசனை போகிறவரை என்போம். பச்சை வாசனை என்றால் என்ன என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எனவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் நீங்கள் வழக்கம்போலச் சமையுங்கள், ஆனால் எதையும் சட்டியில் போடுவதற்கு முன் ஸ்பூனிலும் டம்ளரிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் ஒரு கைப்பிடித் துவரம்பருப்பு அவன் கையில் அரைப்பிடிதான் வந்தது. உப்பில் இன்னும் கவனம் வேண்டும். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. கல்லுப்பில் இடைவெளி இருக்கும், தூள் இறுக்கமாக நிற்கும். நீங்கள் கல்லுப்புக் கணக்கில் எழுதிவைத்து, அவன் விடுதியில் தூளுப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. எந்த உப்பு என்பதையும் எழுதுங்கள்.

ஒரு பதார்த்தத்துக்கு ஒரு பக்கம். எந்த டம்ளரால் அளந்தீர்களோ அந்த டம்ளரையே பிறகு அவனோடு ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அவன் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வான், எடுக்கட்டும். நோட்டு ஒரு பக்கம் இருக்கட்டும்.

6. நீங்கள் எங்கே இருக்க வேண்டும்

ஹாலில். நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

பின்னால் நின்று பார்த்தால் கை தானாக நீளும். வெங்காயம் பெரிது பெரிதாக அரிந்திருந்தால், இருக்கட்டும், வேகக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். அதை எடுத்து நீங்கள் பொடியாக அரிந்து கொடுத்தீர்களானால் அடுத்த முறை வெங்காயத்தை உங்களிடமே நீட்டுவான். அரிவாள்மனையில்தான் அரிய வேண்டும் என்றும் அடம் பிடிக்காதீர்கள். அவன் போகிற இடத்தில் அது இருக்காது. கத்தியும் பலகையும் போதும், விரல் நுனியை உள்ளே மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கூப்பிடாமல் எழுந்து போக வேண்டியது கேஸ் வாடைக்கும், எண்ணெய் புகைவதற்கும் மட்டும். கருகல் வாடைக்குப் போக வேண்டாம். அது அவனுக்கும் வரும்.

சமைத்த பாத்திரம் யார் கழுவுவது? என் தீர்மானம், அவன்தான், முதல் நாளிலிருந்தே. "சமைக்கிறதே பெரிசு" என்று இரண்டு வாரம் விட்டுவிட்டால் மூன்றாவது வாரம் அந்த வேலையைச் சேர்க்க முடியாது. அவன் கழுவிய சட்டியில் பிசுக்கு இருந்தால் அவன் தூங்கின பிறகு நீங்கள் மறுபடி கழுவிக்கொள்ளுங்கள். அவன் எதிரில் செய்தால் தொலைந்தது.

7. எதற்கு அப்புறம் எது

அவன் கேட்ட பதார்த்தம் ஓரளவு வந்த பிறகு நம் பட்டியலை மெல்ல நுழைக்கலாம். நான் போன வரிசை: முட்டைப் பொடிமாஸ், கடை மாவில் தோசை, குக்கர் சோறு, ரசம், ஒரு பொரியல், கடைசியாகச் சாம்பார். குழம்பு வகைகளை முதலில் எடுக்காதீர்கள். புளி, பருப்பு, காய், தாளிப்பு என்று நாலு வேலை ஒரே நேரத்தில் ஓடும், பிள்ளை மிரண்டுவிடும்.

பொடிமாஸ் பதினைந்து நிமிட வேலை, தப்பாகவே போகாது. தோசையில்தான் நிறையப் பேர் கையை விரிக்கிறார்கள். மாவை ஊற்றித் தேய்க்கும்போது கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வந்தால் கல்லில் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு கை தண்ணீர் தெளித்து, துணியாலோ பாதி அரிந்த வெங்காயத்தாலோ துடைத்து, தீயைக் குறைத்துக்கொண்டு மாவை ஊற்ற வேண்டும். தேய்த்து முடித்ததும் தீயைக் கூட்டி, ஓரத்தில் எண்ணெய் விட வேண்டும். ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்பும்வரை தோசைத்திருப்பியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி அரை நிமிடப் பொறுமைதான் இருக்காது. முதல் தோசை எனக்கே பிய்ந்துதான் வரும், அதைச் சொல்லிவிடுங்கள்.

குக்கர் சோற்றுக்கு என் அளவு: புழுங்கலரிசி ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அரை மணி ஊறல், நாலு விசில். பச்சரிசி என்றால் இரண்டரை டம்ளர், மூன்று விசில். புது அரிசிக்குத் தண்ணீர் குறையும். வேறு அரிசி மாற்றினால் முதல் தடவை எப்படி வந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ரசத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நெல்லிக்காய் அளவு புளியும் இரண்டு தக்காளியும் கரைத்து, மஞ்சள்தூள் உப்புப் போட்டுக் கொதிக்கவிடும்போது புளியின் பச்சை வாசனை போக வேண்டும். அடுப்புப் பக்கம் கூப்பிட்டு முதல் நிமிடம் ஒருதரம், ஏழெட்டு நிமிடம் கழித்து ஒருதரம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாடம், வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாது. அப்புறம் இடித்த மிளகு சீரகம் பூண்டைப் போட்டுத் தண்ணீர் விளாவினால், மறுபடி கொதிக்கவிடாமல் ஓரத்தில் நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும். தாளிப்பை அதன் மேல் கொட்டுகிற அந்த 'சொய்ங்' சத்தம் பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ரசத்தை அவன் விரும்பிச் செய்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

8. எவ்வளவு செலவாகும்

பயிற்சிக் காலத்தில் பெரிய செலவு ஒன்றுமில்லை. வாரம் 300 ரூபாய், எப்படியும் வீட்டில் சாப்பிடுகிற சாப்பாடுதான் அது. கருகிப்போனது, குழைந்துபோனது என்று மாதம் ஒரு 200 ரூபாய் தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கிவிட்டால் மனசு அடித்துக்கொள்ளாது. ஒரு சின்னக் கத்தி, பலகை, அளவு ஸ்பூன் செட், நோட்டு எல்லாம் 400 ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

காய்கறிக்கு ஒருதரமாவது உழவர் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். விலைப் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாத பிள்ளைக்கு அது வசதி. ஆனால் விடியற்காலையில் போக வேண்டும், அவனை எழுப்புவது உங்கள் பாடு.

9. வெளியூர் போகிற பிள்ளைக்கு

முதலில் விடுதி விதிமுறைத் தாளை வாங்கிப் படியுங்கள். சேர்க்கையின்போது கையெழுத்து வாங்குகிற கட்டோடு அதுவும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. பல விடுதிகளில் இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டிங் காயில் எல்லாம் தடை. பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் கட்ட வேண்டும். சில இடங்களில் மின்கெட்டில் மட்டும் அனுமதிப்பார்கள். தாளைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

அறை எடுத்து நண்பர்களோடு தங்குகிறான் என்றால் இரண்டு வழி. ஒன்று, 5 கிலோ சின்ன சிலிண்டர். இதற்கு முகவரிச் சான்று கேட்பதில்லை, ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை போதும். கேஸ் ஏஜென்சியிலும், பல பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். மானியம் கிடையாது. முதல் தடவை சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும், அந்த ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். தெருவோரக் கடைகளில் கள்ளத்தனமாக நிரப்பித் தருகிற சிலிண்டர் பக்கம் போகவே கூடாது.

இன்னொன்று இண்டக்ஷன் அடுப்பு. சுமார் 2,000 ரூபாயிலிருந்து கிடைக்கும். இதில் இரண்டு கண்ணி. நம் வீட்டுப் பழைய அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் ஆகும். அடுத்தது பிளக். 2,000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயின்ட் வேண்டும். அறையில் சின்ன பாயின்ட் மட்டும் இருந்தால் அடாப்டர் போட்டு ஒப்பேற்றக் கூடாது, வயர் உருகிவிடும். அறை பார்க்கப் போகும்போதே சுவரைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி மூன்றையும் அவனையே வறுக்கவிட்டு அரைக்கவிடுங்கள். நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போட்டு, மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். ஈரக் கரண்டி போட்டால் பூசணம் பிடிக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எண்ணெயைப் பாட்டிலில் கொடுத்தனுப்பாதீர்கள், பஸ்ஸில் துணி மூட்டையெல்லாம் வீணாகும். போய் இறங்கின ஊரில் வாங்கிக்கொள்ளட்டும்.

முதல் மாதம் வீடியோ காலில் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல், அதுவும் கடுகைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி என்று விசாரிக்காமல், அடுத்து எதைப் போட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.